ஏழு டிரேயிலும் ஒரே எடை

என்னோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கிய எக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது அந்த எண்தான். புதுத் தராசின் சின்னத் திரையில், இறால் உரிக்கிற நம் மேசையின் ஏழு பேருக்கும் ஒரே எண் வந்தது. ஒருநாள் இல்லை, வாரம் முழுக்க. பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

நீ காய்ச்சலில் கண்ணை மூடினபிறகு இறால் கம்பெனி நிறைய மாறிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் அதை வாங்கிவிட்டார்கள். கொச்சியில் இருந்து புது மேனேஜர் வந்திருக்கிறார். நல்ல மனுஷர், சத்தம் போட மாட்டார். வந்த அன்றைக்கே கூட்டம் போட்டு, மாற்றத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்றார். சுவரில் 'இங்கே ஒவ்வொருவரும் தலைவர்' என்று பெரிதாக ஒட்டினார்கள். பிலோமி அக்கா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "ஏளா, எல்லாரும் தலைவரா இருந்தா எறால எவ உரிப்பா?" என்றார். மேனேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது ஆளுக்கு ஒரு கார்டு. உரித்த இறாலைத் தராசில் வைத்து கார்டைக் காட்டினால், யார் எவ்வளவு உரித்தோம் என்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆபீசில் தெரியுமாம். மூன்று வாரம் தொடர்ந்து அளவு குறைந்தால் அந்த ஆளுக்கு வேலை கிடையாது.

செல்வி மைனியின் விரல்கள் உனக்குத் தெரியும். ஐஸில் கிடந்து கிடந்து முட்டி முட்டியாக வீங்கிவிட்டன. நீ மேசைத் தலைவியாக இருந்தபோது வேகமாக உரிக்கிறவர்கள் பேசாமல் ஆளுக்கு ஒரு கை இறாலை மைனியின் டிரேயில் தள்ளுவார்கள். அது இன்னும் நிற்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கண்ணளவுதான். தராசு வந்ததும், யாருக்கும் கூடக்குறைய வந்துவிடக் கூடாது என்று எடுத்தும் போட்டும் சரிக்கட்டினோம். தப்பு அங்கேதான் நடந்தது. ஏழும் ஒரு கிராம் பிசகாமல் நின்றன.

மேனேஜர் தராசு கெட்டுப்போனது என்றே நினைத்தார். ரிப்பேர்காரர் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, "மிஷின் நல்லாத்தான் இருக்கு சார்" என்று திருப்பி மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் மேனேஜர் நம் மேசைக்கு வந்து நின்றார்.

"வெளிநாட்டில் இருந்து கேட்கிறார்கள். கார்டை மாற்றி மாற்றிக் காட்டுகிறீர்களா? காரணம் தெரியவில்லை என்றால் இந்த மேசையைக் கலைக்கச் சொல்கிறார்கள். இங்கே தலைவி யார்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திரையை வாசிக்கத் தெரியும் என்று ஒன்பதாம் வகுப்போடு நின்ற என்னை உன் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மேசைக்கு அடியில் செல்வி மைனி என் காலை மிதித்தார். சொல்லாதே என்று அர்த்தம்.

சொல்லிவிட்டேன் எக்கா. கலைத்தால் மைனிக்குப் பக்கத்தில் தள்ளிவிட யாரும் இருக்க மாட்டார்களே என்ற பயம்தான். எல்லாவற்றையும் சொன்னேன். மைனி பெயரையும் சொன்னேன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அது சரியா? நீயாக இருந்தால் பெயரை விட்டுவிட்டுச் சொல்லியிருப்பாயோ?

பிறகு என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "ஏழு பேருக்கும் சேத்து ஒரு கார்டு குடுங்க சார். மேசையா எட போட்டா அளவு கொறையாது" என்றேன்.

"ஒரு பாக்கெட்டில் இறால் ஓட்டுத் துண்டு கிடந்தால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். ஆளுக்கு ஒரு கார்டு இல்லாவிட்டால் அப்போது நான் யாரைக் கேட்பேன்?"

"என்னயக் கேளுங்க."

அவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். மேலே எழுதிக் கேட்கிறேன் என்று போனார். இரண்டு நாள் கழித்து வந்து, ஒரு மாதம் செய்து பாருங்கள், ஓடு ஒன்று கிடந்தாலும் பழையபடி ஆளுக்கு ஒரு கார்டுதான் என்றார்.

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சோம், என்ன பேச்சு பேசுதா பாரு" என்று பிலோமி அக்கா என் முதுகில் தட்டினார். செல்வி மைனி மட்டும் என்னோடு பேசவில்லை. "எங் கைய ஊருக்கே காட்டிட்டா" என்று பிலோமி அக்காவிடம் சொன்னாராம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது என்னைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எனக்கு அது எப்படி இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டதா?

வேகமாக உரிக்கிறவர்களுக்கு ஓடு பார்க்க நேரமில்லை. யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் இந்த ஒரு மாதத்தைத் தாண்ட முடியும். ராத்திரி முழுக்க யோசித்ததில் எனக்கு ஒரு ஆள்தான் தோன்றியது.

எக்கா, இனி யாரைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தாலும், முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்று காலை நிரம்பிய முதல் டிரேயைத் தூக்கிக்கொண்டு மைனியிடம் போனேன். "கேக்காம சொன்னது தப்புதான் மைனி. இப்பக் கேக்கேன். நீங்க உரிக்க வேண்டாம், ஓடு கெடக்கான்னு பாத்துத் தாறீங்களா?"

மைனி நிமிரவில்லை. டிரேயை அவர் முன்னால் வைத்துவிட்டு, என் இடத்துக்கு வந்து உரிக்க ஆரம்பித்தேன்.

உன் தங்கச்சி,
ஜெனி