கடைசி இரண்டு நிமிட நோட்டு

அன்புத் தங்கை சுண்டெலிக்கு,

உன் அண்ணன் கை பரபரக்க எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். பாஸ்கெட்பால் என்ற பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பாதியில் மடித்து வைக்காமல் முழுதும் படி.

நேற்று என் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் பெரிய சண்டை. வழக்கமான சண்டைதான். ஆட்டம் இழுபறியாகிக் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு வந்துவிட்டால் பந்தை யாரிடம் கொடுப்பது, நம் டீமின் நெட்டைக்காரி ஏணியிடமா, உன்னிடமா? நீ டீமை விட்டு வெளியூர் வேலைக்குப் போய் ஐந்து மாதமாகியும் இவர்களுக்கு வாய் ஓயவில்லை. பஸ் டிரைவர் ஏணி கட்சி. ‘ஆறடி உசரம், பதட்டமே கிடையாது, அவ கைக்குப் போனா பந்து உள்ளதான்’ என்று மேசையைத் தட்டினார். பேக்கரிக்காரர் உன் கட்சி. ‘மூணு பேரு மறிச்சாலும் சந்துல புகுந்து போடுவாளே, அதை உங்க ஏணி செய்வாளா?’ என்று எகிறினார். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, நோட்டை எடு என்றார்கள்.

நம் டீமுக்கு ஸ்கோர் எழுதும் நான், மூன்று புள்ளிக்குள் இழுபறியாக இருக்கும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிஷத்தை மட்டும் தனியாகக் குறித்துவைப்பேனே, அந்த நோட்டு. ஏணி இருபது தடவை போட்டதில் பன்னிரண்டு உள்ளே. நீ பதினைந்துக்கு ஐந்து. பேக்கரிக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் மனிதர் விடவில்லை. சீசன் முழுக்கத் தன் போனில் எடுத்த வீடியோவை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

அங்கேதான் எனக்கு வியர்த்துவிட்டது. கூடைக்கு அடியில் எல்லோரும் எம்பும்போது, திரும்பி வரும் பந்தை ஒரு குட்டைக் கை விரல் நுனியால் தட்டி உள்ளே தள்ளுகிறது. ஒரு முறை இல்லையடி, ஐந்து முறை! என் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் ஏணியின் முதுகுதான் தெரியும். யார் கை என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் அவள் பெயரிலேயே எழுதினேன். தங்கைக்குச் சாதகமாக எழுதுகிறான் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். புள்ளி எப்படியும் நம் டீமுக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

திருத்திக் கூட்டினோம். ஏணி பதினைந்துக்கு ஏழு. நீ இருபதுக்குப் பத்து! பேக்கரிக்காரர் ஓடிப்போய் ஒரு தட்டு நிறைய பன் கொண்டுவந்து எல்லோர் வாயிலும் திணித்தார். டிரைவர் மூன்றாவது முறையும் வீடியோவைப் பார்த்துவிட்டு, ‘சரிப்பா, தோத்துட்டேன்’ என்றார். சாயங்காலம் ஏணியிடமே போய்ச் சொன்னேன். ‘எனக்கு அப்பவே தெரியும் அண்ணா. நீங்க எழுதினதை மாத்தச் சொல்ல வாய் வரல. தப்புதான்’ என்று தலை குனிந்துகொண்டாள்.

இனி என் நெஞ்சை அறுப்பதைச் சொல்லிவிடுகிறேன். இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, கோச் என் நோட்டைப் பார்த்துத்தான் பந்தை ஏணிக்குக் கொடுக்கச் சொன்னார். அவள் போட்டது வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. நீ மூலையில், மறிக்க ஆளில்லாமல், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாய். அன்று வீட்டுக்கு வந்ததும் ஷூவை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி, பரண்மேல் ஏற்றிவிட்டாய். இப்போது உன் கம்பெனி டீமில் கூப்பிட்டும், ‘நெருக்கடியில எனக்குக் கை வராதும்மா, அண்ணன் நோட்டே சொல்லுதே’ என்றாயாமே. அம்மா அதை நேற்றுதான் சொன்னாள். நெருக்கடியில் நடுங்கியது என் பேனாதான் தாயி. மன்னித்துவிடு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் டீம் தேர்வு. இந்தக் கடிதத்தையும் அட்டைப்பெட்டியையும் டிரைவர் தன் பஸ்ஸிலேயே கொண்டுவந்து தருவார். தோற்றதற்கு அதுதான் அவருக்கு அபராதம். ஷூவுக்குப் புதுக் கயிறு கோத்திருக்கிறேன். சாக்ஸ் அம்மா துவைத்தது, வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். திருத்திய பக்கத்தைக் கிழித்து இடது ஷூவுக்குள் வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். கடைசிப் பந்து உன் கைக்கு வந்தால், யாருக்கும் கொடுத்துவிடாதே.

இனிமேல் எழுந்து நின்று பார்த்து எழுதப்போகும்,
உன் அண்ணன்