மதகு திறந்ததை யார் பார்த்தது?

உன் நீள நோட்டு எங்கள் கூடத்தில், துணி காயப்போடும் ஸ்டாண்டில் குப்புறத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நேற்று நன்றாக நனைந்துவிட்டது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் காயவில்லை. வீடு முழுக்க ஈரக் காகித வாசனை. நீ செத்துப்போன பதினைந்தாம் நாள் உன் மனைவி இதை என் கையில் கொடுத்தாள். "தூக்கிப் போட மனசு வரல அண்ணா, உங்களாண்டயே இருக்கட்டும்" என்றாள். அலமாரியில் வைத்ததோடு சரி. நேற்றுதான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து எங்கள் வானகரம் வரைக்கும் உன் குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன் போடாத தெரு இல்லை. தெருவுக்கு ஒருவரையாவது உனக்குத் தெரியும். அவர்கள் எண்களைத்தான் இதில் எழுதி வைத்திருக்கிறாய். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி வேறு. 'மருந்துக்கடை, தெரியலன்னா தெரியலன்னுவாரு.' 'மதகு டீக்கடை, பாத்தாதான் சொல்வாரு.' 'செருப்புக்கடை, நல்லவன், ஆனா கத வுடுவான்.' இதைப் படித்து நான் ஒருமுறை விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "சிரி மாமே. பேப்பர்காரன் பத்தி இதே மாதிரி எவனாவது எழுதி வச்சிக்கீறானா?" என்றாய்.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் நான் செய்த காரியம் உனக்கு மறந்திருக்காது. ஒரு காலையில் அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. ஏரிக்கரை உடைந்துவிட்டது, உடனே கிளம்புங்கள் என்று யாரோ ஒருவன் மூச்சு வாங்கச் சொல்கிறான். யார் அவன், எந்த ஏரி, ஒன்றும் யோசிக்கவில்லை. குடியிருப்புக் குழுவில் அப்படியே தட்டிவிட்டேன். ஐந்தே நிமிஷத்தில் நாற்பது வீடும் கலைந்தது. காரையெல்லாம் பைபாஸ் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள். அந்த நெரிசலில் தரைத்தளத்துச் செல்வி வாசல் படியில் வழுக்கி விழுந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வலது கை மட்டும் முறிந்தது. 'மட்டும்' என்று எழுதவே கூசுகிறது.

நீ அப்போதுதான் கேன் இறக்க வந்தாய். வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாய்.

"கரை ஒடஞ்சத நீ பாத்தியா?"

"இல்ல. மெசேஜ் வந்துச்சு."

"அனுப்புனவன் பாத்தானா?"

"தெரியல."

நீ உடனே ஏரிக்கரை மேலேயே இருக்கும் மதகு டீக்கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். "கரை ஒடஞ்சிச்சா? எவன் சொன்னான்? அதும் மேல அடுப்ப வச்சிகினு டீ ஆத்திகினு கீறேன், கல்லு மாரி கீது" என்று அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை. செல்வியைத் தூக்கி உன் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. யார் எதை அனுப்பினாலும் பொய் என்பேன். செய்தித்தாளை நிறுத்தினேன். டிவி பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்தேன். எல்லாச் சேனலும் ஏதாவது ஒரு கட்சிக்காரனுடையது, எவன் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று உன்னிடம் ஒருநாள் வீறாப்பாகச் சொன்னேன். கேன் சுமந்து நாலு மாடி ஏறி வந்தவன், தோளில் இருந்ததை இறக்கிவிட்டு மூச்சு வாங்கச் சொன்னாய்: "அன்னிக்குக் கேக்காம நம்புன. இன்னிக்குக் கேக்காம நம்பல. ரெண்டுமே சோம்பேறித்தனந்தான் மாமே."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்வதானால், அன்று முழுக்க உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

நீ மட்டும் இரண்டு சேனலையும் பார்ப்பாய். ஆளுங்கட்சிப் பக்கம் ஒன்று, எதிர்க்கட்சிப் பக்கம் ஒன்று. மழை நாளில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பாய். கடைப் பலகையைப் படிப்பாய், பஸ் எண்ணைப் பார்ப்பாய். ஒருமுறை குமணன்சாவடி மூழ்கிவிட்டது என்று காட்டியபோது, "மெட்ரோ தூணு எங்கடா காணோம்? இது பழைய படம்" என்று கத்தினாய். அடுத்த சேனலில் அதே குமணன்சாவடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதையும் நீ விடவில்லை. "மழ பேஞ்சிகினு கீது, இவனுக்கு மட்டும் எங்கேந்து வெயிலு?" என்றாய்.

நேற்றுக் காலையும் இதே கூத்து. இரண்டு நாளாக விடாத மழை. ஒரு சேனலில் எங்கும் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை, இன்னொன்றில் ஊரே மிதக்கிறது. ஒன்பது மணி வாக்கில் குழுவில் ஒரு செய்தி வந்தது. மதகைத் திறந்துவிட்டார்கள், கால்வாய் ஓரத்தில் இருப்பவர்கள் வெளியேறவும் என்று. வதந்திகளில் வருகிற அதே மாதிரி எழுத்து, அதே மாதிரி ஆச்சரியக்குறிகள், கீழே பெயர் கிடையாது. இப்போது நான்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளர். 'வதந்தி. யாரும் நம்ப வேண்டாம்' என்று அடித்து, அனுப்பக் கட்டை விரலை வைத்துவிட்டேன்.

செல்வியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, மாமாவ மேல ஏத்தணுமா, வேணாமா?"

அவள் மாமனார் பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுத்த படுக்கை. அவரைப் படி ஏற்ற நான்கு ஆள் வேண்டும். வீணாக ஏற்றி இறக்கினால் அவர் உடம்பு தாங்காது. ஏற்றாமல் விட்டுத் தண்ணீர் வந்துவிட்டால் படுக்கையிலிருந்து நகரக்கூட முடியாது.

"நீங்க இன்னா சொல்றீங்களோ அத்த செய்றேன்" என்றாள். என் செய்தியால் கை முறிந்தவள் என்னைத்தான் கேட்கிறாள்.

"பத்து நிமிஷம் குடும்மா. கேட்டுச் சொல்றேன்."

அடித்ததை அழித்தேன். உன் நோட்டை எடுத்தேன். முதல் எண் உபயோகத்தில் இல்லை. மருந்துக்கடைக்காரர் எடுத்தார். "எனக்குத் தெரியாதுங்க, கடைக்குள்ள கீறேன்" என்றார். நீ எழுதியிருந்தபடியே. பிறகு மதகு டீக்கடை. உன் பெயரைச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"தொறந்துட்டாங்க சார். ரெண்டு கதவு. என் கண்ணால பாத்தேன். காலைல பாலத்துக்குக் கீழ ஓடிச்சு, இப்போ பாலத்த தொட்டுகினு போவுது."

நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அந்த மதகுத் தண்ணீர் வரும் எங்கள் பின்பக்கக் கால்வாய்க்கு மழையில் ஓடினேன். நேற்று முன்தினம் தெரிந்த படிக்கட்டில் நான்கு படியைக் காணவில்லை. அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்: 'மதகு திறந்திருக்கிறது. மதகருகே டீக்கடை வைத்திருப்பவர் நேரில் பார்த்துச் சொன்னார். கால்வாயில் நான்கு படி ஏறியிருப்பதை நான் பார்த்தேன். நம் வீடுகளுக்குள் வருமா என்று எனக்குத் தெரியாது. தரைத்தளத்தில் இருப்பவர்களை இப்போதே மேலே ஏற்றுவோம். நான்கு பேர் வாருங்கள்.' கீழே என் பெயரைப் போட்டேன்.

"தெரியாதுன்னா எதுக்கு சார் பீதியக் கிளப்புறீங்க?" என்று மூன்றாம் மாடிக்காரர் எழுதினார். அவர் பார்க்கும் சேனல் காட்டிய வெயில் படத்தையும் கூடவே அனுப்பினார். பதில் சொல்ல நேரமில்லை. ஆனால் முதலில் இறங்கி வந்தவரும் அவர்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, நான்கு பேர் தூக்கி, என் வீட்டுக் கூடத்தில் படுக்க வைத்தோம். மதியம் ஒரு மணிக்குச் செல்வி வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தது. இரண்டு மணிக்கு அவர் படுத்திருந்த கட்டிலின் சட்டம் மூழ்கியது.

நீ இருந்திருந்தால் எனக்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நீ இல்லாததுதான் நேற்று எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து அழ முடியாத நாளாக அது அமைந்தது. நல்லதுதான்.

மூன்று மணிக்கு வாசலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, மிதந்து போகும் குப்பைத்தொட்டிகளைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கால்வாய் எங்களைத் தாண்டிப் போய்ச் சேரும் நெற்குன்றத்திலிருந்து ஒரு பெண்.

"மதகு டீக்கடை அண்ணன் எங்க சொந்தக்காரரு, அவருதான் உங்க நம்பர் குடுத்தாருங்க. அங்க தண்ணி வந்துடுச்சா? டிவில ஒண்ணுமே இல்லன்றாங்க. ஊட்ல கைக்கொழந்த கீது."

"வந்துடுச்சும்மா. வாசல்ல இடுப்பு வரைக்கும் இருக்கு. ஒரு மணிக்கு ஏற ஆரம்பிச்சுது, இன்னும் ஏறுது."

"எங்காண்ட எப்போ வரும்?"

"அது தெரியாது. நீ குழந்தையோட மேல போயிடு."

"எங்க குரூப்ல போடணுங்க. யாரு பாத்ததுன்னு கேப்பாங்க. உங்க பேரப் போடலாமா?"

நேற்றுக் காலை வரைக்கும், மூன்று வருஷமாக ஒரு செய்தியின் கீழே என் பெயர் வந்துவிடக் கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கிப் போனவன் நான். அவளுக்கு என் பெயரைச் சொன்னேன். தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

"எல்லாத்தையும் போடும்மா. நான் சொன்னது தப்பாயிருந்தா நேரா வந்து என்னைக் கேக்கட்டும்."