வெற்றுத் தாளில் அப்பாவின் கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வயிறுதான் பற்றி எரிகிறது. உன் அப்பா சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் தானாகவே விட்டுவிட்டார் என்று செய்தியில் பார்த்திருப்பாய். பச்சைப் பொய். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜெயித்த மறுநாளே, கட்சிச் செயலாளர் நம் கூடத்தில் உட்கார்ந்து நான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே ஒரு வெற்றுத் தாளை நீட்டினார். ஜெயித்த எல்லோரிடமும் வாங்குகிறோம், சும்மா ஒரு வழக்கம் என்றார். மற்றவர்கள் ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்களாம். இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்த மனுஷனுக்கு மேலிடம் சொன்னால் எதற்கு என்று கேட்கத் தெரியுமா, அடியில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பார்த்துக்கொண்டு நின்றேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

போன மாதம், போரில் செத்தவர்களின் மனைவிமார் குடியிருப்பை இடித்துவிட்டுக் கடைகள் கட்ட மசோதா வந்தது. அந்த வீடுகளைக் காப்பாற்றத்தான் இவர் அரசியலுக்கே வந்தார். எழுந்து எதிர்த்துப் பேசினார். மறுநாள் அந்தத் தாளில் கையெழுத்துக்கு மேலே ராஜினாமா என்று தட்டச்சு செய்து சபாநாயகரிடம் கொடுத்துவிட்டார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். வக்கீல், "கையெழுத்து என்னுதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், மீதியை நான் பாத்துக்கறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். இவர் கேட்டால்தானே. கையெழுத்து என்னுடையது, கடிதம் என்னுடையதல்ல என்று சபாநாயகரிடம் சொன்னாராம். வெற்றுத் தாளில் ஏன் போட்டீர்கள் என்றதற்கு, பெரியவர்கள் கேட்டார்கள், போட்டேன் என்றாராம். அறையே சிரித்ததாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அதே செயலாளர் கொஞ்சமும் கூசாமல் வந்து நிற்கிறார். "நடந்தது நடந்துபோச்சு, மசோதாவை ஆதரிச்சு ஒரு கையெழுத்துப் போடுங்க, ராஜினாமாவைத் திரும்ப வாங்கிடறோம்" என்று மறுபடியும் வெற்றுத் தாள். வாசகத்தை அவர்களே எழுதிக்கொள்வார்களாம். நான் துடைப்பத்தைத் தேடினேன். அப்பா என்னைக் கையமர்த்திவிட்டு, கண்ணாடியை மாட்டி, வீடுகளை இடிக்கக் கூடாது என்று தாளின் இரண்டு பக்கமும் ஓர் எறும்பு நுழைய இடமில்லாமல் எழுதினார், கடைசியில் கையெழுத்தும் போட்டு நீட்டினார். வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலமே ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாக அறிவித்துவிட்டார்கள். போகட்டும்.

வயசாச்சு, விட்டுத் தள்ளச் சொல்லும்மா என்று நீ போனில் சொன்னாயே, அதை அவர் காதில் போட்டுவிடாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலைகுனியாமல் வாழ வேண்டும். மறந்துவிடாதே, இனி இந்த முகவரிக்கு எழுதாதே. அந்தக் குடியிருப்பில் ஏழாம் எண் வீடு காலியாக இருந்தது, சாவி வாங்கிவிட்டோம். இடிக்க வருகிறவன் முதலில் எங்கள் கதவைத் தட்டட்டும்.

இப்படிக்கு,
பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா