களமருதூரில் யாரும் மிச்சமில்லை

செவ்வாய், ராத்திரி.

இந்த வயதில் மகளின் லேப்டாப்பில் விண்வெளி ராஜ்ஜியம் ஆளுகிறேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தலைநகரத்துக்கு எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியின் பெயரை வைத்தேன். மனைவியின் தம்பியைக் கேலி செய்ய, ஒன்றும் விளையாத கிரகத்துக்கு அவன் ஊர் களமருதூரின் பெயர். என் கடையைப் பூட்டாமல், ஆளில்லை என்று காட்ட வாசலில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துவிட்டுத் தொழப் போகிற பழக்கம் எனக்கு. ஆட்டத்தையும் அப்படியே ஓடவிட்டுப் போனேன். திரும்பினால், உணவுக் கப்பல் அனுப்ப ஆளில்லாமல் களமருதூரே பட்டினியில் செத்திருந்தது. விளையாட்டுதான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த இருட்டுக் கிரகம்தான் தெரிகிறது. அந்த மைத்துனனுக்கே போன் போட்டேன்.

"மச்சான், வூட்ல எல்லாரும் சாப்ட்டீங்களா?"

"துன்னுக்கினுதான் இருக்கோம். இன்னா மச்சான், பாசம் ஜாஸ்தியா இருக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியும் போய்விட்டது. போன் பேசியபோதும் ஆட்டத்தை நிறுத்திவைக்கவில்லை.