ஹெடரில் யார் மேலே

8-6-1998, திங்கள்
தம்பானூரில் நல்ல மழை. முழங்கால்வரை நனைந்து ஆபீஸ் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை கஸ்டமரின் ஆள் வந்து, ஆஸ்பத்திரிக்காக நாங்கள் எழுதும் சி புரோகிராமைத் தன் கையால் கம்பைல் செய்து பார்ப்பாராம். கம்பைலர் ஒரு எச்சரிக்கை காட்டினாலும் வேலை பெங்களூர் கிளைக்குப் போய்விடும் என்கிறார் மானேஜர் கல்யாணராமன். கூடவே நானும்.

வீட்டில் சொன்னேன். "பெங்களூரா? நீங்க மட்டும் போங்கோ. எனக்கு அந்தக் குளிர் ஆகாது" என்று பரணிலிருந்து என் ஸ்வெட்டரை இறக்கிவைத்தாள். இருபது வருஷத் தாம்பத்யம்.

9-6, செவ்வாய்
எச்சரிக்கை வரும் இடம் தெரிந்துவிட்டது, புரோகிராமின் தலையில் சேர்க்கும் ஹெடர் ஃபைல்களில். என்னோடு புரோகிராம் எழுதும் இருவரில், பேஷண்ட் ஹெடர் ராஜையனுடையது, வார்டு ஹெடர் லீலாபாயுடையது. இதன் ஃபங்ஷனில் அதன் பெயர் வரும், அதில் இதன் பெயர். ராஜையனை மேலே போட்டால், வார்டு யாரென்று கம்பைலருக்கு இன்னும் தெரியாது. அந்த ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் மட்டும் வாழ்ந்து சாகும் ஏதோ ஒரு வார்டு என்று நினைத்துக்கொள்கிறது. பிறகு அசல் வார்டு வந்தால் வேறு ஆள் என்கிறது. லீலாபாயை மேலே போட்டால் இதே ரகளை பேஷண்டுக்கு.

இருவரும் ஏசிக்கு நேரே உள்ள நாற்காலிக்காகச் சண்டையிட்டு, போன ஓணத்திலிருந்து பேசுவதில்லை. முழுக்கதை எனக்குத் தெரியும். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

"எனக்க ஹெடர கீழ எறக்குனா சம்மதிக்க மாட்டேன், சாரே" என்றார் ராஜையன்.

"அவருக்க ஃபைல எனக்க ஃபைலுக்குள்ள கேத்த மாட்டேன்" என்றார் லீலாபாய்.

10-6, புதன்
இருவருக்கும் தெரியாமல் ஒவ்வொரு ஹெடருக்குள்ளும் மற்றதைச் சேர்த்தேன். அது இதைக் கூப்பிட, இது அதைக் கூப்பிட, ஒரே ஃபைலை ஒருமுறைக்கு மேல் உள்ளே விடாத காவல் வரி வாசலிலேயே நிறுத்திவிட்டது. எச்சரிக்கை அப்படியே.

லீலாபாய் கண்டுபிடித்துவிட்டார். "ஆரு சாரே இத உள்ள கேத்துனது?"

"மழைக்கு ஒதுங்கியிருக்கும்" என்றேன்.

11-6, வியாழன்
பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வரும்போது தோன்றியது. அந்த ஃபங்ஷன்கள் கேட்பது மெமரியில் பேஷண்டின் முகவரியை, வார்டின் முகவரியை மட்டும். அதற்குப் பெயர் தெரிந்தால் போதும், உள்விவரம் வேண்டாம். இது தோன்ற ஏன் இத்தனை நாள்? பெயரோடு நிற்பது என் பழக்கமில்லையே!

தனியாக ஒரு குட்டி ஹெடர், இரண்டே வரி. இப்படி ஒரு பேஷண்ட் உண்டு, இப்படி ஒரு வார்டு உண்டு - அவ்வளவுதான். இருவரும் இதை மட்டும் தங்கள் ஹெடரின் தலையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ராஜையன் வரிசையைப் பார்த்தார். "இதுல ஆரு மேல?"

"எது மேல இருந்தாலும் ஒண்ணுதான், ஓய்."

"அப்பம் எனக்கது மேல இருக்கட்டும்."

லீலாபாய் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "நான் கீழ இருக்கேன், சாரே. ஆனா ஏசி நாற்காலி எனக்கு."

ராஜையன் அந்த நாற்காலிப் பக்கம் போனார். அதிலிருந்த தன் துண்டை எடுத்துக்கொண்டார்.

12-6, வெள்ளி
கஸ்டமரின் ஆள் எல்லா எச்சரிக்கைகளையும் வரவழைக்கும் ஆப்ஷனைத் தானே அடித்து கம்பைல் செய்தார். திரையில் ஒன்றுமில்லை. "ஓடியதா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தரம் செய்தார். ஒன்றுமில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார்.

15-6, திங்கள்
புதிதாகச் சேர்ந்த சிஜியிடம் பெயரை மட்டும் கேட்டேன். டீ வரும்வரை வேறெதுவும் கேட்காமல் தாக்குப்பிடித்தேன்.

வீட்டில், ஸ்வெட்டர் பாச்சை உருண்டையோடு பரண் ஏறிவிட்டது.