இரண்டு பத்து முதல் இரண்டு பதினாறு வரை

மார்ச் 4

அன்புள்ள மகனுக்கு,

நான் யார் மேலும் புகார் கொடுக்கவில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி.

நேற்று உன் சித்தி எனக்கு மாத்திரை வாங்க உன் மருத்துவமனைக்கு வந்திருந்தாள். மருந்துக் கவுன்டர் வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு நர்சுகள் நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

"அந்த மேட்ரன் கிழவிதான் போட்டுக் குடுத்துச்சாம். பையன் பெரிய ஆபீசரு, கேக்கவா வேணும்?"

"பாத்தா அப்படித் தெரியலையே. ஒவ்வொரு ஊசிக்கும் தேங்க்யூ சொல்லுச்சே."

"அப்படி இருக்கறதுங்கதாண்டி ஆள முடிச்சிடும்."

உன் சித்தி மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளிடமிருந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெண்கள் அறுவை வார்டில் நாங்கள் ஓட்டக்காரி என்று கூப்பிட்ட அந்தச் சின்ன சிஸ்டரை, பணி நேரத்தில் தூங்கினாள் என்று பத்து நாளாக இடைநீக்கத்தில் வைத்திருக்கிறாயாம். அதற்கு ஆதாரம் நான் எழுதிக் கொடுத்த தாள்களாம்.

என்ன எழுதினேன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். இடுப்பு அறுவை முடிந்து நான் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். சிரிக்கிற முகம், உம்மென்ற முகம், அழுகிற முகம். ஏதாவது ஒரு முகத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டுமாம். முப்பத்தொரு வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்தவள் முகத்துக்கு வட்டம் போடுவதா? வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, எட்டு நாள் பார்த்ததை எழுதினேன். ஐந்து தாள்கள். நர்சிங் படித்த கான்வென்ட்டில் மதர் எங்களுக்குப் பழக்கிய முறை அது: பார்த்ததை நேரத்தோடு எழுது, நினைத்ததை எழுதாதே. முப்பத்துநாலு படுக்கைக்கு இரண்டு நர்சுகள் என்று எழுதினேன். தாழ்வாரத்தில் நாலு ஸ்ட்ரெச்சர்களில் ஆட்கள் படுத்திருந்ததை எழுதினேன். ஓட்டக்காரி ஒரு பகலில் எத்தனை தடவை அந்த வார்டின் நீளத்தை நடந்தாள் என்று எண்ணி எழுதினேன். அதே வரிசையில் இதையும் எழுதினேன்: "2.10 முதல் 2.16 வரை நாற்காலியில் உறங்கினார்."

ஐந்து தாளில் உன் ஆட்களின் கண்ணுக்கு அந்த ஒரு வரிதான் தெரிந்ததா? போனில் கேட்டால், "பாக்கறேம்மா" என்று நீ சொல்வதற்குள் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடு.

இடுப்பு பரவாயில்லை. வாக்கர் பிடித்து வாசல் வரை போகிறேன்.

அன்புடன்,
அம்மா


மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வாசல் வரை போதும். படியில் கால் வைக்காதீர்கள். சித்தி மாத்திரை வாங்காமல் போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கோபம் புரிகிறது. என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நான் நிர்வாக அதிகாரியாக இந்த நாற்காலிக்கு வந்தபோது அவசரப் பிரிவுக்கு வந்த ஒருவர் வார்டில் படுக்கை கிடைக்கச் சராசரி ஒன்பது மணி நேரம் காத்திருந்தார். இப்போது நாலு மணி நேரம். வீட்டுக்குப் போகிறவர் பதினொரு மணிக்குள் படுக்கையை விட்டு எழுந்தால்தான் உள்ளே வருகிறவர் படுக்க முடியும். காலிப் படுக்கையைப் பச்சையிலும் ஆள் இருக்கும் படுக்கையைச் சிவப்பிலும் காட்டும் பலகை, வார்டில் நீங்கள் கிண்டல் செய்தீர்களே, அது இல்லாவிட்டால் தாழ்வாரத்தில் நாலு ஸ்ட்ரெச்சர் இல்லை, பதினான்கு கிடந்திருக்கும்.

ஊழியர் நலனையும் நான் மறக்கவில்லை. நர்சுகளுக்குத் தனி ஓய்வறை திறந்திருக்கிறோம். புதன்கிழமை யோகா வகுப்பு வைத்திருக்கிறோம். அவள் ஓய்வறைக்குப் போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். வார்டில், நோயாளிகளுக்கு நடுவில் தூங்கினாள் என்பதுதான் பிரச்சினை.

படிவங்களை நான் வாசிப்பதில்லை, தரப் பிரிவு வாசிக்கிறது. எழுதியது என் தாயார் என்று தெரியாமலே அவர்கள் நடவடிக்கையைத் தொடங்கிவிட்டார்கள். தெரிந்த பிறகு நான் நிறுத்தியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்?

விசாரணை 24ஆம் தேதி. உங்களை நேரில் அலைக்கழிக்க வேண்டாம் என்று ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதற்கு மேல் அதில் ஒரு சொல்கூட இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

அன்பு மகன்


மார்ச் 12

அன்புள்ள மகனுக்கு,

வாக்குமூலத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். நான் எழுதியதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை என்கிறாய். உண்மைதான். நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு, அதை இப்போது எழுதுகிறேன்.

உன் ஓய்வறையைப் பற்றி முதலில். அது மூன்றாம் மாடியில், வார்டு முதல் மாடியில். நல்ல மெத்தை வைத்த நாற்காலியாம், சுவரில் அருவிப் படமாம். திறப்பு விழாவுக்குப் பிறகு உள்ளே போனவர்கள் யாரும் இல்லை என்று துப்புரவுக்கு வரும் அம்மாள் சொன்னாள். முப்பத்துநாலு பேரை விட்டுவிட்டு இரண்டு மாடி ஏறிப் போய் யார் அருவியைப் பார்ப்பார்கள்? யோகா வகுப்பு வேலை முடிந்த பிறகாம், வராதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்கிறார்களாம். உடம்பு கெட்டது போதாதென்று உடம்பை வளைக்க வேறு சொல்கிறாய்.

இனி அந்த ஆறு நிமிடம். எனக்கு அறுவை முடிந்த மூன்றாம் நாள், மதியம். இன்னொரு நர்ஸ் ஒரு நோயாளியோடு அறுவை அரங்குக்குப் போயிருந்தாள். ஓட்டக்காரி என் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினாள். கட்டியவள் அமுக்க மறந்து அப்படியே நின்றாள்.

"சிஸ்டர், எப்ப டியூட்டிக்கு வந்தீங்க?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கும்மா."

"இப்ப மணி ரெண்டாச்சே!"

"காலைல வர வேண்டியவங்களுக்குக் காய்ச்சல். வேற ஆள் அனுப்பறோம்னாங்க. அனுப்பிட்டே இருக்காங்க."

அடுத்த படுக்கையில் பித்தப்பை எடுத்த அம்மாள் ஒருத்தி, வாய் ஓயாதவள். "உக்காரு கண்ணு. நாங்க எங்கயும் ஓடிப் போயிட மாட்டோம். ஓடற மாதிரியா எங்கள வச்சிருக்கீங்க?" என்றாள். ஓட்டக்காரி சிரித்தாள். சிரித்தபோதே அவளுக்குக் கண் செருகியது. பிறகு என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க மேட்ரனா இருந்தவங்களாமே. ஒரு அஞ்சு நிமிஷம் கண்ண மூடிக்கட்டுமாம்மா? மணி அடிச்சா தட்டி எழுப்பிடறீங்களா?"

"பத்து நிமிஷம் எடுத்துக்க. நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொண்டேன். எந்த மணியும் அடிக்கவில்லை. எந்தச் சொட்டு மருந்தும் நிற்கவில்லை. ஆறாம் நிமிடம் உன் பலகைக்காரர்கள் போன் செய்தார்கள். "பன்னெண்டாம் நம்பர் ஏன் இன்னும் செவப்புல இருக்கு?" அந்தச் சத்தத்தில் அவளே எழுந்துவிட்டாள்.

என்னை நம்பித் தூங்கியவளை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நினைத்ததை எழுதாதே என்ற பழக்கம் என் கையைக் கட்டிவிட்டது. பதினெட்டு மணி நேரம் நின்றவள் ஆறு நிமிடம் உட்கார்ந்தாள் என்று வாசிக்கிறவருக்கே விளங்கும், வாசிக்கிறவன் என் மகன் என்று இருந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை விசாரணையில் வாசி. கேள்வி கேட்க வேண்டுமானால் என்னைக் கூப்பிடு, வாக்கரோடு வருகிறேன்.

இன்னொன்று. வீட்டுக்குப் புறப்பட்ட அன்று பதினொரு மணிக்கு என்னை எழுப்பிப் புறப்படுவோர் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாத்திரைச் சீட்டு வந்தபோது மதியம் மணி இரண்டு. புது இடுப்போடு மூன்று மணி நேரம். உன் பலகையில் அந்தப் படுக்கை பதினொன்றுக்கே பச்சை ஆகியிருக்கும். உன் சராசரியில் நான் எங்கே வருகிறேன்?

அன்புடன்,
அம்மா


மார்ச் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்து கதவுக்கு வெளியே நின்றதைப் பற்றி எழுதப் போவதில்லை. "அக்கா தூங்கறாங்க" என்று சித்தி சொன்னபோது உள்ளே உங்கள் வாக்கர் நகர்கிற சத்தம் கேட்டது.

உங்கள் கடிதத்தை நான் கோப்பில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும், அது என் கடமை. ஏன் சேர்க்கவில்லை தெரியுமா? தூங்கியது ஒரு குற்றம். தையல் பிரிக்காத ஒரு நோயாளியிடம் வார்டை ஒப்படைத்துவிட்டுத் தூங்கினாள் என்றால் இரண்டாவது குற்றம். முதலாவதுக்குச் சம்பள உயர்வு போகும், இரண்டாவதுக்கு வேலையே போகும். அவளைக் காப்பாற்ற எழுதுகிறேன் என்று நீங்கள் எழுத எழுத அவள் கழுத்து இறுகுகிறது.

கூடுதல் நர்சுகள் வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் மறுத்தார்கள். இதை நான் வெளியில் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னீர்கள், வார்டில் தூங்கிய ஒரு நர்சை அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக. அப்பா கேட்டார், "எத்தன மணி நேரமா நின்னாளோ, பாவம்." நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "அது என் கேள்வி இல்ல" என்றீர்கள். அன்று நீங்கள் என் கண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்தீர்கள் என்று இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் உங்கள் பிள்ளைதானே அம்மா?

ஒரே வழி இருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் ஒரு சான்றிதழ் தந்திருக்கிறார். அறுவைக்குப் பின் ஒரு வாரம் உங்களுக்கு மனக்குழப்பம் இருந்தது, பார்த்ததாகச் சொல்பவற்றை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று. இந்த வயதில் இது சகஜம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதன் கீழே "ஒப்புக்கொள்கிறேன்" என்று நீங்கள் கையெழுத்திட்டால், உங்கள் ஐந்து தாள்களும் கோப்பிலிருந்து எடுக்கப்படும். ஆதாரம் இல்லையென்றால் வழக்கு இல்லை. அவள் அடுத்த நாளே வேலைக்கு வருவாள்.

சான்றிதழை இணைத்திருக்கிறேன். யோசியுங்கள். 24ஆம் தேதிக்கு முன் வேண்டும்.

மகன்


மார்ச் 21

மகனுக்கு,

நீ சொன்ன சாப்பாட்டு மேசை எனக்கும் நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. எத்தனை மணி நேரம் நின்றாள் என்பது வருகைப் பதிவேட்டில் இருந்தது. பதிவேடு என் மேசை மேல் இருந்தது. நான் புரட்டவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கே போனாள் என்றும் விசாரிக்கவில்லை. உன் அப்பா அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை, அதை நீ கவனித்திருக்க மாட்டாய். என்னிடமிருந்து நீ கற்றதை உன்மேல் குற்றமாகச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் புரட்டிப் பார்க்காமல் அனுப்பினேன். நீ எல்லாம் தெரிந்துகொண்டு அனுப்புகிறாய்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது.

உன் சித்தி மேசைக்குக் குறுக்கே கையை வைத்து மறித்தாள். "ஏங்க்கா, புத்தி கலங்கிடுச்சுன்னு நீயே எழுதிக் குடுக்கறியா?"

"கலங்கலடி. குழப்பம். அதுவும் ஒரே ஒரு வாரத்துக்கு. டாக்டரே சொல்றாரு."

"உனக்கா குழப்பம்? பால் கணக்குல ஒரு நாள் தப்பினாலே பால்காரன உலுக்கி எடுப்ப."

"கைய எடு. மை காயட்டும்."

வாழ்நாளில் பொய் என்று தெரிந்தே ஒரு தாளில் நான் கையெழுத்திட்டது இதுதான் முதல் தடவை. வராத நர்சுக்கு வந்ததாக ஒரு நாளும் குறித்ததில்லை, கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதியதில்லை. அந்த ஒரு பெருமையோடு போய்ச் சேர்வேன் என்று இருந்தேன். "பாத்துக்கறேன்" என்று அவளிடம் சொன்ன வார்த்தைக்கு முன்னால் அது பெரிதாகத் தெரியவில்லை.

இந்தக் கையெழுத்தால் என்னென்ன அழிகிறது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். முப்பத்துநாலு படுக்கைக்கு இரண்டு பேர் என்பது ஒரு கிழவியின் குழப்பம். தாழ்வாரத்து ஸ்ட்ரெச்சர்கள் குழப்பம். பதினெட்டு மணி நேரம் குழப்பம். கூடுதல் நர்சு கேட்டு நீ மூன்று முறை எழுதியதாகச் சொல்கிறாய். நாலாம் முறை எழுதுவதற்கு என் ஐந்து தாள்களைவிட நல்ல ஆதாரம் உனக்குக் கிடைத்திருக்காது. அதை எடுத்துத் தீயில் போடும் வழியைத்தான் ஒரே வழி என்று எழுதியிருக்கிறாய். யோசித்துத்தான் செய்தாயா என்று கேட்க மாட்டேன். யோசிக்காமல் செய்தாய் என்று நம்பிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது, அதை நீ கெடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வராதே. சித்தி இனி பொய் சொல்ல மாட்டாள், நான் விழித்துக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்வாள். டிரைவரிடம் மாத்திரையும் அனுப்ப வேண்டாம். தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். தையல் போட்ட இடத்தைப் பார்க்க வேறு டாக்டரிடம் நாள் குறித்தாகிவிட்டது.

எனக்கு மூன்று விவரம் தெரிய வேண்டும். அந்தப் பெண் எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்பினாள். அன்று எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாள். அந்த வார்டில் அவளோடு அன்று எத்தனை பேர் நின்றார்கள். போனில் சொல்லாதே, தட்டச்சு செய்யச் சொல்லாதே. உன் கையால் எழுதி, கையெழுத்திட்டு, தபாலில் அனுப்பு.

அம்மா