கல்யாணி யாரென்று தெரியாமல்

என் அன்புத் தங்கச்சி மூ,

போன சனிக்கிழமை வரை நீ தாய்லாந்தில் இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் புதுவருசமும் எங்களுடையதும் ஒன்றாகத்தானே வருகின்றன. சித்திரைக்கு ஊருக்குப் போய்த் தண்ணீர் ஊற்றி விளையாடப் போகிறேன் என்று சொன்னவள் நீதானே. தொலைபேசியை எடுக்கவில்லை என்றதும், சொல்லாமல் விமானம் ஏறிவிட்டாள் கள்ளி என்று உன்னைத் திட்டினேன்.

குறொன்லாண்ட் கடைத்தெருவில் கறிவேப்பிலை வாங்க நின்றபோது உன் மகள் எதிரே வந்தாள். "கிளி அன்ரி, ஏன் அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வரேல்லை?" நோர்வே மொழியில்தான் கேட்டாள், என் காதில் இப்படித்தான் விழுந்தது. "எந்த அம்மா?" என்று கேட்டேன் நான். ஒரு பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது?

நித்திரையிலேயே இருதயம் நின்றுவிட்டதாம். "வேலையிடத்தில அறிவித்தல் ஒட்டினவைதானே, நீங்கள் பார்த்திருப்பியள் எண்டு நினைச்சனான்" என்றாள்.

ஒட்டித்தான் இருந்தார்கள். சலவைச்சாலையில், நாங்கள் சாப்பிடுகிற அறையின் கதவில். மாலை வேலை செய்யும் கல்யாணி பெர்க் காலமானார் என்று. சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு முழுவதையும் வாசித்தேன், மூ. யாரோ இந்தியப் பெண், நோர்வேக்காரரைக் கட்டியவள் போல, பாவம் என்று நினைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். எனக்குத் தொண்டைக்குள் சோறு இறங்கியது.

நீ மாலை வேலைக்கு மாறும்வரை எத்தனை வருசம் ஒரே மேசையில் துணி மடித்தோம். மூ என்றால் பன்றி என்று முதல் நாளே சொன்னாய். பிறந்தபோது நோஞ்சானாக இருந்தாயாம். அழகான பெயர் வைத்தால் பேய் ஆசைப்பட்டுத் தூக்கிவிடும் என்று அப்படிக் கூப்பிட்டார்களாம். வீட்டுப் பெயர்தான் எங்களுக்குப் பெயர், மற்றது அரசாங்கத்துக்கு என்றாய். குடும்பப் பெயர் வந்ததே உன் பூட்டன் காலத்தில், ராசா கட்டளை போட்ட பிறகுதானாம். நானும் ஊரில் எல்லாருக்கும் கிளிதான் என்று சொல்லிச் சிரித்தேன். பதிவிலே என்ன பெயர் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏன் கேட்காமல் விட்டோம்?

எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒரு கல்யாணி இருப்பாள். உனக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? நாங்கள் நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்ப்பதுபோல, நீங்கள் பிறந்த கிழமைக்கு ஆகாத எழுத்துகளைத் தள்ளிவிட்டுப் பெயர் வைப்பீர்களாம். பிக்கு ஒருவர் அப்படிப் பார்த்து வைத்தது என்று மகள் சொன்னாள். பெர்க் அவளின் அப்பாவுடைய பெயராம். இதையெல்லாம் நீ செத்த பிறகு கடை வாசலில் நின்று கேட்கிறேன்.

இன்னும் கேள். சாப்பாட்டு மேசையில் அனுதாப அட்டை இருந்தது. எல்லாரும் கையெழுத்து மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. 'உங்களைச் சந்திக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நிம்மதியாக உறங்குங்கள்' என்று எழுதி, வேலையிடம்தானே என்று பதிவுப் பெயரைப் போட்டேன்.

உன் மகள் சொல்கிறாள்: "மனோன்மணி எண்டு ஒராள். அம்மாவைத் தெரியாதாம், எண்டாலும் வடிவா எழுதியிருந்தவ. அந்த அட்டையை அம்மாவின்ர கையுக்குள்ள வைச்சுத்தான் பெட்டியை மூடினனாங்கள்."

அது நான்தான் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கறிவேப்பிலையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஸ்டோவ்னரில் இருக்கிற வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

நூறாம் நாள் விகாரையில் பிக்குகள் உனக்காக ஓதுவார்களாம். புண்ணியம் ஆள்மாறிப் போகாமல் இருக்க, செத்தவரின் பெயரைத் தாளில் எழுதி எரிப்பார்களாம். மகள் என்னையும் வரச் சொன்னாள். வருவேன், மூ. கல்யாணி என்று எழுதுவேன், பக்கத்தில் மூ என்றும் எழுதுவேன். அந்தப் பிள்ளையிடமும் அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவேன். இது சத்தியம். அதுவரை உன் கையில் இருக்கிற அட்டையை யாரோ எழுதியது என்று நினைத்துவிடாதே.

உன் அக்கா கிளி.
மனோன்மணியும் நான்தான்.